விதிப்புத்தகத்தைப் பார்த்ததும் ஆள் காணாமல் போகிறார்: ஆர்.பி.ஜி.க்குப் புதியவரை எப்படி உட்கார வைப்பது?

கேள்வி: மார்ச் 2, இரவு 10.40

நாங்கள் நாலு பேர் வாராவாரம் ஆன்லைனில் டேபிள்டாப் ஆர்.பி.ஜி. ஆடுகிறோம், அதாவது ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசியும் பகடை உருட்டியும் ஒரு கதையை நகர்த்தும் ஆட்டம். சித்தி மகள் ஒரு நாள் பின்னால் நின்று ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "இதில் யார் ஜெயிப்பது, எப்போது முடியும்?" என்று கேட்டாள். அப்புறம் எனக்கும் சொல்லிக்கொடு அண்ணா என்றாள். உற்சாகத்தில் விதிப்புத்தகத்தின் பி.டி.எஃபை அனுப்பிவைத்தேன், முந்நூறு பக்கத்துக்கு மேல். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆர்வம் போய்விட்டதா? எங்கிருந்து தொடங்கினால் நிற்பாள்?

மார்ச் 2, இரவு 11.25

ஆர்வம் எங்கேயும் போயிருக்காது. வெறும் பேச்சை மட்டும் ஒரு செஷன் முழுக்க நின்று கேட்டுவிட்டுச் சொல்லிக்கொடு என்கிறாள் என்றால் பாதி ஆட்டக்காரி ஆகிவிட்டாள். அவள் கேட்ட இரண்டும் நல்ல கேள்விகள், முதலில் அவற்றுக்குப் பதில் சொல்லுங்கள். யாரும் ஜெயிப்பதில்லை, எல்லாரும் ஒரே பக்கம். நாம் நிறுத்தும்போது முடியும். அவ்வளவு போதும். சுருக்கம், வீடியோ, லிங்க் என்று இனி எதையும் அனுப்ப வேண்டாம்.

விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விதி அவளுக்குத் தேவைப்படும் நொடி வரை பொறுங்கள். அதற்கு முன் அவள் ஒரு விஷயத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும்: தான் சொன்ன ஏதோ ஒரு வார்த்தையால் அந்தக் கற்பனை உலகத்தில் ஏதோ ஒன்று மாறியது என்பதை. முதல் கால் மணி நேரத்துக்குள் அது நடந்துவிட்டால் பிறகு நீங்கள் துரத்தினாலும் போகமாட்டாள்.

மார்ச் 3, காலை 7.10

"அதை எப்படிச் செய்வது, உதாரணம் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். சரி, விரிவாகவே எழுதுகிறேன்.

புதியவர்களுக்கென்றே நான் வைத்திருக்கும் காட்சி ஒன்று உண்டு. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை, அதன் மேல் ஒரு கலங்கரை விளக்கம். விளக்கு அணைந்து கிடக்கிறது. விடிவதற்குள் ஒரு கப்பல் வந்துவிடும், அதில் உங்களுக்கு வேண்டிய ஒருவர் இருக்கிறார். கதவு உள்பக்கம் தாழிட்டிருக்கிறது. உள்ளே யாரோ நடக்கிற சத்தம் கேட்கிறது. என்ன செய்கிறீர்கள்?

இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் அவசரம் இருக்கிறது, யாருக்காக என்பது இருக்கிறது, ஒரு தடை இருக்கிறது, கொஞ்சம் பயமும் இருக்கிறது. அந்த உலகத்தின் ராஜா யார், எத்தனை கடவுள்கள், ஆயிரம் வருடத்துக்கு முன் என்ன போர் என்று ஆரம்பிக்கிற ஜி.எம்.களை (கேம் மாஸ்டர், அதாவது கதையை நடத்துபவர்) நிறையப் பார்த்திருக்கிறேன். நன்றாகத்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் புதியவர் அதைப் பரீட்சைக்கான பாடம் என்று நினைத்து மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுவார், கதைக்குள் வரமாட்டார்.

கப்பலில் இருக்கும் அந்த "வேண்டியவர்" யார் என்பதை நான் முடிவு செய்வதே இல்லை, புதியவரிடம்தான் கேட்பேன். ஒருமுறை ஒரு பெண், "எனக்குப் பணம் தரவேண்டியவன், அவன் மூழ்கினால் என் பணமும் மூழ்கும்" என்றார். அம்மா, காதலன், தங்கை என்று வருமென்று நினைத்திருந்த மொத்த டேபிளும் நிமிர்ந்து உட்கார்ந்தது. சொன்னதை அவர் கண்முன்னாலேயே என் நோட்டில் எழுதினேன். இந்த எழுதுவது முக்கியம். தன் பேச்சை இந்த ஆள் குறித்துக்கொள்கிறார் என்று பார்த்ததும் அடுத்த பேச்சு தைரியமாக வரும்.

அவரே அடுத்து, "ஜன்னல் இருக்கிறதா?" என்று கேட்டார். அதுவரை அந்தக் கட்டடத்தின் ஜன்னலைப் பற்றி நான் யோசித்ததே கிடையாது. "இருக்கிறது, இரண்டு ஆள் உயரத்தில். கம்பி துருப்பிடித்திருக்கிறது" என்றேன். உடனே பக்கத்தில் இருந்த ஆட்டக்காரரிடம் திரும்பி, "என்னைத் தோளில் ஏற்றிவிடுங்கள்" என்றார். கம்பியைப் பிடித்து இழுக்கிறார். வருமா வராதா என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

விதியை எடுக்க வேண்டிய நேரம் இதுதான். "இந்த இருபது முகப் பகடையை உருட்டுங்கள். உங்கள் கேரக்டரின் திறமைகளை எழுதிய ஷீட்டில் இதோ இந்த இடத்தில் +5 இருக்கிறதே, அதைக் கூட்டுங்கள். 15 அல்லது அதற்கு மேல் வந்தால் கம்பி கையோடு வந்துவிடும். ஒருவர் தோள் கொடுப்பதால் இரண்டு முறை உருட்டி, பெரியதை வைத்துக்கொள்ளலாம்." நான் நடத்தியது டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்ற ஆர்.பி.ஜி., அதன் ஐந்தாம் பதிப்பில் சண்டை, பேச்சு, ஏறுவது, ஒளிவது எல்லாமே இந்த ஒரு கணக்கின் மேல்தான் நிற்கின்றன. அந்தப் பெண்ணுக்கு அது பாடமாகவே தெரியவில்லை, கம்பி வருமா என்பதுதான் அவருடைய கவலை.

மார்ச் 3, மாலை 6.30

பகடை பற்றிக் கேட்டவருக்கு: முதல் நாளுக்கு எதுவும் வாங்க வேண்டாம். நாலு, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு, இருபது முகம் என்று ஒரு செட்டாக வரும். உங்களிடம் இருப்பதைக் கொடுங்கள். ஃபோனில் உருட்டலாம்தான், ஆனால் கையில் குலுக்கி மேஜையில் விடும்போது எல்லாரும் எட்டிப் பார்ப்பார்களே, அது ஃபோனில் கிடைக்காது. நீங்கள் ஆன்லைனில் ஆடுகிறவர்கள் என்றாலும் தங்கையின் முதல் ஆட்டத்தையாவது நேரில் வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைன் அழைப்பில் யார் எப்போது பேசுவது என்று புதியவருக்குப் பிடிபடாது, மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால் முதலில் விட்டுக்கொடுப்பவர் அவர்தான்.

மார்ச் 5, இரவு 9.50

"டி அண்ட் டியைத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும், மற்றதெல்லாம் நீர்த்துப்போன சரக்கு, ஒரிஜினல் ஒரிஜினல்தான்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். டி அண்ட் டி எனக்கு மிகவும் பிடித்த ஆட்டம், மேலே சொன்ன உதாரணமே அதிலிருந்துதான். ஆனால் ஒரிஜினல் என்று வாதாடுவதானால் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

1969இல் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் தன் போர் விளையாட்டு நண்பர்களுக்காக ஒரு ஆட்டம் நடத்தினார். நெப்போலியன் காலம், பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊர். அதுவரை அவர்கள் ஆடியதில் ஒருவர் ஒரு படையை நகர்த்துவார், இன்னொருவர் எதிர்ப்படையை. இந்த முறை வெஸ்லி ஊருக்குள் இருக்கும் தனி மனிதர்களையும் ஆளுக்கு ஒருவராகக் கொடுத்தார். ஊர்த் தலைவர், வங்கியாளர் என்று. வந்தவர்கள் படையை விட்டுவிட்டு மூலைக்கு மூலை போய்ப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு பேர் தங்களுக்குள் நேருக்கு நேர் மோதப்போகிறோம் என்று வந்து நின்றார்கள். அதற்கு விதியே இல்லை, வெஸ்லி நின்ற இடத்தில் ஒன்றைச் சொல்லிச் சமாளித்தார். ஆட்டம் குலைந்துவிட்டது என்று அவர் நினைத்தார், ஆனால் ஆடியவர்கள் இன்னொரு முறை வை என்று கேட்டு வந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்தான் டேவ் ஆர்னசன். அவர் இதைப் பிளாக்மூர் என்ற தன் கற்பனை உலகத்துக்குக் கொண்டுபோனார், பிறகு கேரி கைகாக்ஸ் என்ற இன்னொரு போர் விளையாட்டுக்காரரோடு சேர்ந்தார், 1974இல் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளிவந்தது. ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள், முதல் அச்சு 1000 பிரதிகள். அதாவது "நான் இதைச் செய்கிறேன்" என்று ஒருவர் சொல்வதும், "சரி, அப்படியானால் இது நடக்கிறது" என்று இன்னொருவர் சொல்வதும் அந்தப் பெட்டிக்கு ஐந்து வருடம் முன்பே நடந்துகொண்டிருந்தன. உங்கள் தங்கைக்கு முதலில் எதைக் கொடுப்பது என்று கேட்டால் நான் அந்த ஐந்து வருடத்தில் இருந்ததைக் கொடுப்பேன்.

ஒரே ஆட்டம்தான் சரி என்று பிடிவாதம் வேண்டாம். அவள் படிக்கிற கதை, பார்க்கிற தொடர் என்ன என்று கேளுங்கள். துப்பறிவதும் திகிலும் பிடிக்கும் என்றால் கால் ஆஃப் கதுலு என்ற ஆட்டம். 1981இலிருந்து இருக்கிறது, புதியவருக்கு மிக எளிது, ஏனென்றால் ஷீட்டில் "நூலகத் தேடல் 60" என்று இருந்தால் நூறு முகப் பகடையில் 60 அல்லது அதற்குக் கீழே வந்தால் போதும், கூட்டல் கழித்தல் எதுவும் இல்லை. தொடக்கக்காரர்களுக்கான விதிச் சுருக்கத்தைப் பதிப்பாளரே இலவசமாகத் தருகிறார்.

மார்ச் 6, காலை 8.00

"என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதும் எனக்குக் கைகால் உறைந்துபோனது, எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள், அத்தோடு போதும் என்று எழுந்துவிட்டேன்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை எழுதியதற்கு அவருக்கு நன்றி. மார்ச் 3 குறிப்பில் நான் சொன்னது எல்லாருக்கும் அப்படியே பொருந்தாது. தானாகக் கேள்வி கேட்கிற ஆள் ஒரு வகை, முதலில் கொஞ்சம் பார்த்துவிட்டுப் பேசுகிற ஆள் இன்னொரு வகை.

இரண்டாம் வகைக்கு நான் செய்வது: கேள்வியோடு கைப்பிடியும் சேர்த்துக் கொடுப்பது. "கதவுக்குக் கீழே வெளிச்சம் நகர்கிறது. உன் பக்கத்தில் ஒரு கயிற்றுச் சுருள் கிடக்கிறது. கதவைத் தட்டிப் பார்க்கிறாயா, இல்லை சுற்றிப் பின்பக்கம் போகிறாயா, வேறு ஏதாவது தோன்றுகிறதா?" இரண்டு வழி சொல்லி மூன்றாவதைத் திறந்துவைத்தால் முதல் இரண்டு முறை சொன்னதில் ஒன்றை எடுப்பார்கள், மூன்றாவது முறை அவர்களாகவே ஒன்றைச் சொல்வார்கள். வரிசையிலும் அவரை முதலில் கேட்க வேண்டாம். இன்னொருவர் பதில் சொல்வதை ஒருமுறை பார்த்த பிறகு அவர் முறை வரட்டும்.

அமைதியாக இருப்பவர் சலித்துப்போய்விட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். எங்கள் டேபிளில் ஒருவர் முதல் நாள் முழுக்க வரைபடம் மட்டும் வரைந்துகொண்டிருந்தார். பேசியது குறைவு. ஆனால் எல்லாரும் வழி தெரியாமல் நின்றபோது அவர் காகிதத்தைத் திருப்பிக் காட்டி, "இந்த இரண்டு அறைக்கு நடுவே பத்தடி கணக்கில் வரவில்லை" என்றார். ரகசிய அறை அங்கேதான் இருந்தது.

மார்ச் 6, காலை 8.15

விட்டுப்போனது: வரைபடத்துக்குக் கட்டம் போட்ட நோட்டு ஒன்று டேபிளில் இருக்கட்டும், பேசக் கூச்சப்படுபவருக்கு அது பெரிய துணை.

மார்ச் 8, இரவு 10.05

முதல் முறை உருட்டும்போதே 1 விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி. கண்டிப்பாக விழும். புதியவரின் முதல் உருட்டலில்தான் விழும் என்று எங்களுக்குள் ஒரு பேச்சே உண்டு.

முதலில் கணக்கு. மேலே சொன்ன ஜன்னல் கம்பிக்கு +5 வைத்துக்கொண்டு 15 வேண்டும் என்றால் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், 55 சதவீத வாய்ப்பு. தோள் கொடுப்பவர் இருந்து இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுத்தால் அது ஏறக்குறைய 80 சதவீதம். இதைப் புதியவரிடம் உருட்டுவதற்கு முன்பே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பழகினவர்களுக்கு இது உள்ளுக்குள் தெரியும், புதியவருக்குத் தெரியாது, எது துணிச்சல் எது முட்டாள்தனம் என்று அவரால் பிரிக்க முடியாமல் போகும். உதவி கேட்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதும் இந்த 55-80 கணக்கில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

சரி, விழுந்துவிட்டது. இப்போது ஜி.எம். சொல்லும் அடுத்த வாக்கியத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "நீ வழுக்கிப் பொத்தென்று விழுந்தாய்" என்றால் டேபிள் சிரிக்கும். புதியவரும் சிரிப்பார், ஆனால் அடுத்த முறை எதையும் செய்யத் தயங்குவார். அதையே இப்படிச் சொல்லலாம்: "கம்பியைப் பிடித்து இழுக்கிறாய், அது அசைந்தும் கொடுக்கிறது. அதே நேரம் உள்ளே நடந்துகொண்டிருந்த காலடிச் சத்தம் நின்றுவிட்டது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு விடுகிறார்கள்." கம்பி வரவில்லை, உருட்டல் தோல்விதான், ஆனால் அவருடைய கேரக்டர் கையாலாகாதவர் ஆகவில்லை. கதையும் நின்ற இடத்திலேயே நிற்கவில்லை.

இதையே விதியாக எழுதிவைத்திருக்கும் ஆட்டங்கள் உண்டு. 2010இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்டில் இரண்டு ஆறுமுகப் பகடையை உருட்டிக் கூட்டி, ஷீட்டில் உள்ள எண்ணையும் சேர்ப்பார்கள். 10ம் அதற்கு மேலும் முழு வெற்றி, 7 முதல் 9 வரை வெற்றிதான் ஆனால் அதற்கு ஒரு விலை, 6ம் அதற்குக் கீழும் என்றால் ஜி.எம். கதையை உங்களுக்கு எதிராக நகர்த்துவார். கூட்டிக்கொள்ள எதுவும் இல்லாதபோது 36 சேர்க்கைகளில் 15 அந்த நடுப்பகுதியில் விழும், 6 முழு வெற்றி. "நடந்தது, ஆனால்..." என்ற அந்த நடுப்பகுதிதான் புதியவர்களுக்கு மிகவும் பிடித்துப்போவதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஜி.எம்.முக்கும் இது முதல் முறை என்றால் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு விலையைக் கண்டுபிடித்துக்கொண்டே இருப்பது களைப்பு, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பகடையை மறைவாக உருட்டிப் புதியவருக்குச் சாதகமாக மாற்றிச் சொல்லலாமா என்று இதன் கீழே ஒரு தனிச் சண்டையே நடந்திருக்கிறது. என் பக்கம்: வேண்டாம். கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடித்த நாளிலிருந்து முன்பு ஜெயித்தது எதிலும் அவர்களுக்கு நம்பிக்கை இருக்காது. முடிவு தெரிந்தே தீர வேண்டும் என்கிற இடத்தில் பகடையையே எடுக்காதீர்கள், "செய்துவிட்டாய்" என்று சொல்லிவிடுங்கள்.

மார்ச் 11, இரவு 11.40

இன்றைக்கு யாரும் கேட்காததைச் சொல்கிறேன். புதியவரைத் துரத்துவது பெரும்பாலும் விதிப்புத்தகம்கூட இல்லை, பக்கத்து நாற்காலியில் இருக்கும் அனுபவஸ்தர். "அதைச் செய்யாதே, இதைச் செய், உன் ஷீட்டில் இன்னொன்று இருக்கிறது பார், அது இப்போது வீண், மந்திரத்தை மிச்சம் பிடி." நல்ல எண்ணத்தில்தான் சொல்வார். ஆனால் ஒரு மணி நேரத்தில் புதியவர், அனுபவஸ்தர் சொல்வதைத் திரும்பச் சொல்லும் ஆளாக மாறிவிடுவார்.

ஆட்டத்துக்கு முந்தைய நாளே உங்கள் மூன்று நண்பர்களிடமும் பேசிவிடுங்கள். அவள் கேட்டால் ஒழிய யோசனை சொல்ல வேண்டாம். அதற்குப் பதில் கதைக்குள்ளிருந்து அவளிடம் உதவி கேட்கட்டும்: "உனக்குப் பூட்டு திறக்கத் தெரியுமே, இதைப் பார்க்கிறாயா?" ஷீட்டில் தனக்கு என்ன திறமை இருக்கிறது என்பதை இப்படித்தான் தெரிந்துகொள்ள வேண்டும், யாரோ ஒருவருக்குத் தேவைப்பட்டபோது.

என் மாமாவை ஒருமுறை உட்கார வைத்தோம். வாழ்நாள் முழுக்கக் கணக்குத் தணிக்கை செய்தவர், இந்த மாதிரிக் கதைகள் பக்கமே போகாதவர். கோட்டை வாசலில் இரண்டு காவலர்கள். மற்றவர்கள் எல்லாம் வாளை உருவுவதா, மயக்க மந்திரமா, மதில் ஏறுவதா என்று கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். மாமா காவலரிடம் நேராகப் போய், "தம்பி, உனக்குக் கடைசியாகச் சம்பளம் எப்போது வந்தது?" என்று கேட்டார். யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒரு அனுபவஸ்தர் "மாமா, அது..." என்று வாயைத் திறந்தார், நான் கையைக் காட்டி நிறுத்தினேன். ஒரு நொடி யோசித்துவிட்டு, "மூன்று மாதமாக வரவில்லை ஐயா" என்றேன். மாமா விடவில்லை. யார் கொடுப்பது, கணக்கை யார் பார்ப்பது, மற்றவர்களுக்காவது வந்ததா என்று வரிசையாகக் கேட்டார். அன்றைக்கு நான் எழுதிவைத்திருந்த கதை அந்த வாசலிலேயே முடிந்தது. கோட்டைத் தலைவனிடம் பணம் தீர்ந்துபோய்விட்டது, அதை மறைக்கத்தான் அவன் ஊரையே பூட்டிவைத்திருக்கிறான் என்று ஆனது. என் பழைய கதையைவிட இது எவ்வளவோ மேல். அந்த "மாமா, அது..." முழு வாக்கியமாக வந்திருந்தால் இது எதுவும் நடந்திருக்காது.

மார்ச் 12, காலை 7.45

"மாமா வாளை எடுக்கவே இல்லையா?" இல்லை. கடைசி வரை எடுக்கவில்லை. ஷீட்டில் வாளுக்கு நேராக அவர் ஒரு பேனா படம் வரைந்துவைத்திருந்தார்.

மார்ச் 15, இரவு 9.20

மூன்று விஷயம் மிச்சம் இருக்கிறது.

நடிப்பு. 2015இலிருந்து, ஆர்.பி.ஜி. ஆடுவதை அப்படியே காட்டும் கிரிட்டிக்கல் ரோல் போன்ற ஒளிபரப்புகள் வழியாக நிறையப் பேர் இந்தப் பக்கம் வந்திருக்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் அதில் ஆடுபவர்கள் குரல் நடிகர்கள். அதைப் பார்த்துவிட்டு வருபவர், தானும் குரல் மாற்றி அழுது சிரித்துப் பேச வேண்டும் என்று பயந்துகொண்டு வருகிறார். "என் ஆள் அவரிடம் நயமாகப் பேசி, உள்ளே விடச் சொல்கிறாள்" என்று சொன்னால் போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீங்களும் முதல் அரை மணி நேரம் அப்படியே பேசிக் காட்டுங்கள், அதுதான் அவளுக்குத் தைரியம் கொடுக்கும்.

கேரக்டர் ஷீட். முழுக்கத் தயார் செய்து கொடுத்தால் அது வேறு யாரோடதோ மாதிரி இருக்கும், அவளையே உருவாக்கச் சொன்னால் அன்றைய மாலை அதிலேயே போய்விடும். நான் பாதி நிரப்பித்தான் கொடுப்பது. எண்கள் எல்லாம் போட்டிருக்கும், பெயர் காலி. "யாருக்குக் கடன்பட்டிருக்கிறாய்?", "எதைத் தொலைத்தாய்?" என்று இரண்டு கேள்வி எழுதி, அதற்குக் கீழே கோடு. ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடுவார்கள், ஜி.எம்.முக்கும் ஒரு வருடத்துக்குக் கதை கிடைத்துவிடும். இந்த இடத்தில் ஞாபகம் வருவது, 1977இல் வந்த டிராவலர் என்ற ஆட்டம். அதில் கேரக்டரின் இளமைக்கால வேலையைப் பகடை உருட்டித் தீர்மானிப்பார்கள், ஆட்டம் தொடங்கும் முன்பே ஆள் செத்துப்போகவும் வாய்ப்பு உண்டு. எனக்கு அந்த அம்சம் உயிர். தங்கைக்கு இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்.

மூன்றாவது எக்ஸ் கார்டு. ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உருவாக்கியது. ஒரு காகிதத்தில் பெரிதாக எக்ஸ் போட்டு மேஜை நடுவில் வைப்பீர்கள். கதை போகிற போக்கு யாருக்காவது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதைத் தொட்டால் போதும், அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விட வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. நண்பர்களுக்குள் இதெல்லாம் தேவையா என்பார்கள். நண்பர்களுக்கு உங்களை நிறுத்தத் தெரியும், புதியவருக்குத் தெரியாது. பயமுறுத்துகிற காட்சி இந்த ஆட்டத்தில் எப்படியாவது வந்துவிடும், மொத்தக் கூட்டத்தையும் நிறுத்திப் பேசுகிற சங்கடம் இல்லாமல் அதிலிருந்து வெளியே வர அவளுக்கு ஒரு வழி வேண்டும். முன்கூட்டியே அவளிடம், "கதையில் எது வரவே கூடாது?" என்றும் கேட்டுவையுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்குச் சிலந்தி ஆகாது, சொல்லிவிட்டார், எங்கள் குகைகளில் சிலந்தி கிடையாது.

மார்ச் 16, இரவு 10.30

"இதற்கெல்லாம் எனக்கு நேரமில்லை, நாளைக்கே ஆட வேண்டும்" என்பவருக்கு: ஜான் ஹார்ப்பரின் லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ். மொத்த ஆட்டமும் ஒரே பக்கம், இலவசம், விண்வெளிக் கப்பல் கதை. 2 முதல் 5 வரை ஒரு எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும், உங்கள் ஷீட்டில் உள்ள ஒரே எண் அதுதான். அறிவியல், தர்க்கம் என்றால் ஆறுமுகப் பகடையில் அந்த எண்ணுக்குக் கீழே விழ வேண்டும், உணர்ச்சி, பேச்சு என்றால் மேலே. சரியாக அதே எண் விழுந்தால் ஜி.எம்.மிடம் ஒரு கேள்வி கேட்கலாம், அவர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். இதற்குமேல் எளிமையாக ஒரு ஆட்டத்தை என்னால் காட்ட முடியாது.

கொஞ்சம் கூத்தாக வேண்டும் என்றால் கிராண்ட் ஹோவிட்டின் ஹனி ஹெய்ஸ்ட், அதுவும் ஒரு பக்கம்தான். நீங்கள் எல்லாரும் கரடிகள், தேன் திருடப் போகிறீர்கள். ஷீட்டில் கரடித்தனம், களவுத்தனம் என்று இரண்டே எண்கள்.

மார்ச் 22, இரவு 11.55

கேள்வி கேட்டவரின் செய்தியைப் படித்துவிட்டுத் தூக்கம் போய்விட்டது, அவ்வளவு சந்தோஷம். நடந்ததை இங்கே சுருக்கமாகப் போடுகிறேன், அவர் போடச் சொன்னார். மூன்று மணி நேரம் ஆடியிருக்கிறார்கள். தங்கை முதல் இருபது நிமிடம் பேசவில்லை. இரண்டு வழி சொல்லிக் கேட்டபோது பின்பக்கம் போகிறேன் என்றாளாம். அங்கே ஒரு படகு இருப்பதாக அண்ணன் சொல்லியிருக்கிறார். அவள் படகில் ஏறவில்லை. படகுக்குள் எத்தனை துடுப்பு என்று கேட்டிருக்கிறாள். அண்ணன் ஒன்று என்றார். "அப்படியானால் இன்னொரு துடுப்போடு ஒருவன் இங்கேயே எங்கோ ஒளிந்திருக்கிறான்" என்றாளாம். அண்ணனுக்கு அப்படி ஒரு ஆளே கிடையாது. அந்த நொடியில் உண்டானான். கடைசிச் சண்டையே அவனோடுதான்.

அவர் இப்போது கேட்பது, அடுத்த செஷனிலிருந்து தங்கையைத் தங்கள் நாலு பேரின் நீண்ட கதையில் சேர்த்துக்கொள்ளலாமா என்பது. ஒன்றிரண்டு தனி ஆட்டம் போகட்டும் என்பேன். உங்கள் கதையில் ஏற்கெனவே நாலு பேருக்குள் நடந்த நூறு விஷயங்கள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் அவளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டி வரும். இல்லை, அவள் இப்போதே வர ஆசைப்பட்டால், கதைக்குள்ளும் அன்றைக்குத்தான் அந்த ஊருக்கு வந்த ஆளாக அவளை இறக்குங்கள். அவளுக்குத் தெரியாதது அவள் கேரக்டருக்கும் தெரியாது, கேட்பதில் கூச்சம் இருக்காது.

விதிப்புத்தகத்தை அவளாகக் கேட்டால் கொடுங்கள். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. 2023 ஜனவரியில் அதன் எஸ்.ஆர்.டி. 5.1 என்ற விதித் தொகுப்பை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டுவிட்டார்கள், யார் வேண்டுமானாலும் எடுத்துப் புழங்கலாம். முழுக்கப் படி என்று சொல்ல வேண்டாம், தன் கேரக்டருக்கு உள்ள பக்கத்தை மட்டும் அவளே தேடிப் படித்துக்கொள்வாள்.

ஏப்ரல் 9, இரவு 10.15

தங்கை ஜி.எம். ஆக வேண்டும் என்கிறாளாம், இத்தனை சீக்கிரம் விடலாமா என்று கேட்கிறார் அண்ணன். தாராளமாக விடுங்கள். வருடக்கணக்கில் ஆடிவிட்டுத்தான் ஜி.எம். ஆக வேண்டும் என்று எங்கேயும் இல்லை.

அவளுக்கு ஒரு காகிதம் போதும். ஓர் இடம். அங்கே ஏதோ ஒன்றை ஆசைப்படும் ஒருவர். யாரும் தலையிடாவிட்டால் நாளைக்குக் காலையில் என்ன ஆகும் என்று ஒரு வரி. பெயர் பட்டியல் ஒன்று தனியாக இருக்கட்டும், பத்துப் பெயர், ஏனென்றால் நீங்கள் நாலு பேரும் வழியில் போகிறவனிடமெல்லாம் பெயர் கேட்கப்போகிறீர்கள். முடிவை மட்டும் எழுதிவைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், துடுப்பு ஆளை உண்டாக்கினவளுக்கு அது ஏன் என்று புரியும்.

உங்களுக்கும் ஒன்று. அவள் நடத்தும்போது ஏதாவது ஒரு விதியை மாற்றிச் சொல்வாள், உங்களுக்கு நாக்கு துறுதுறுக்கும். ஆட்டம் முடிகிற வரை பேசாமல் இருங்கள். முடிந்த பிறகும் அவள் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். மூன்று நண்பர்களிடமும் இதை முந்தைய நாளே சொல்லிவையுங்கள்.